ஜீனோம்: மரபணுத்தொகையா, மரபுத்தொகையா?

பண்புகளை வழிவழியாகக் கடத்தும் டிஎன்ஏ துண்டு ஜீன்; ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதும் சேர்ந்தது ஜீனோம். ஆனால் நம் செய்தித்தாள்களில் ஜீனுக்கும் மரபணுதான், ஜீனோமுக்கும் மரபணுதான். கொரோனா காலத்தில் 'முழு மரபணு பகுப்பாய்வு' என்று எழுதினார்களே, அது ஜீனோமைத்தான்.

ஜீன் என்ற பெயரை 1909-இல் வைத்தவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன். 'பிறப்பு' என்னும் பொருளுள்ள கிரேக்க வேர் அது. 1920-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் விங்க்லர் அதோடு குரோமோசோம் (செல்லுக்குள் டிஎன்ஏவைத் தாங்கும் இழை) என்ற சொல்லின் ஈற்றை ஒட்டி 'கெனோம்' என்றார் என்பது வழக்கமான விளக்கம். இருவருமே செடிகொடிகளை ஆராய்ந்தவர்கள். விங்க்லர் அச்சொல்லால் குறித்தது ஒரு முழுக் குரோமோசோம் தொகுதியை. ஜீன்களின் கூட்டத்தை மட்டுமல்ல.

இந்த வேறுபாட்டை மரங்களில் தெளிவாகப் பார்க்கலாம். முதன்முதலில் ஜீனோம் வாசிக்கப்பட்ட மரம் கருப்பு காட்டன்வுட் என்னும் பாப்லர் வகை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிஸ்குவாலி ஆற்றங்கரையில் நின்ற ஒரு பெண் மரத்தின் டிஎன்ஏ அது. முடிவு 2006-இல் வெளியானது. 19 குரோமோசோம்கள், சுமார் 48 கோடி எழுத்துகள் (டிஎன்ஏவில் வரிசையாக நிற்கும் வேதி அலகுகள்), அன்றைய கணக்கில் 45,000-க்கு மேற்பட்ட ஜீன்கள். 2013-இல் நார்வே ஸ்புரூஸ் வந்தது. எழுத்துகள் ஏறத்தாழ 2,000 கோடி, நம்முடையதைப் போல ஆறேழு மடங்கு! ஜீன்களோ சுமார் 28,000தான். மீதியில் பெரும்பகுதி, தன்னைத்தானே படியெடுத்துப் பெருகிய துண்டுகள்.

ஆகவே 'மரபணுத்தொகை' பரவலாக வழங்கினாலும் அதில் ஒரு குறை உண்டு: மரபணுக்களை மட்டும் எண்ணிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. 'மரபுத்தொகை' என்றால் எல்லாம் அடங்கும். என் வாக்கு அதற்கே.

அடுத்தது 'சீக்வென்சிங்'. 'வரிசைப்படுத்தல்' என்றால் கலைந்து கிடப்பதை நாம் அடுக்குவது போலாகிறது. எழுத்துகளின் வரிசை மரத்திலேயே இருக்கிறது. முற்றிய இலையில் பிசினும் துவர்ப்புப் பொருள்களும் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் பெரும்பாலும் தளிரைப் பறித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்து, டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். அதைத் துண்டாக்கி எழுத்தெழுத்தாகப் படிப்பது 'வரிசையறிதல்'. படித்த துண்டுகளை, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் முனைகளைக் கொண்டு கணினியில் இணைப்பது வேறு வேலை. அதைக் 'கோத்தல்' எனலாம். ஸ்புரூஸில் ஆய்வாளர்களைத் திணறடித்தது இந்தக் கோத்தல்தான். ஒரே மாதிரித் துண்டுகள் அத்தனை.

இனி வேம்பைப் பற்றி எழுதும்போது, 'வேம்பின் மரபுத்தொகை வரிசையறியப்பட்டது' என்று எழுதலாம்.