கறுப்புப் பையும் கோடாலி மார்க்கும்

ஊருக்குக் கிளம்பும் சிங்கப்பூர்த் தமிழர் யாருடைய பெட்டியைத் திறந்தாலும் அடியில் அரை டஜன் கோடாலித் தைலமாவது இருக்கும். தேவகோட்டையில் காத்திருக்கும் சித்திக்கு அதைச் செய்கிற கம்பெனியின் பெயர் தெரியாது. லியுங் காய் ஃபூக் என்று சொன்னால் "யாரு பெத்த பிள்ளை அது?" என்பார். 1928இல் இங்கே தொடங்கிய நிறுவனம். சித்தியைப் பொறுத்தவரை புட்டியில் கோடாலி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோடாலி இல்லாத தைலத்தைக் கொடுத்துப் பாருங்கள், மூடியைத் திறக்காமலே ஓரமாக வைத்துவிடுவார்.

மயில் மார்க், குதிரை மார்க், கிளி மார்க் என்று கேட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் நாம். பெயர், படம், நம்பிக்கை எல்லாவற்றையும் 'மார்க்' என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். ஆனாலும் சொந்தமாகக் கடை போடும்போது இதெல்லாம் மறந்துபோகிறது. "ஒரு நல்ல லோகோ போட்டுக் குடுங்க" என்றுதான் என்னிடம் வருகிறார்கள்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் 17 வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். பெயர்ப்பலகை, பை, டப்பா, லேபிள் எல்லாம் செய்வேன். தப்பாகவும் செய்திருக்கிறேன். அதில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் மசாலா அரைக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். 20 வருடத் தொழில். சாம்பார்ப் பொடி, மீன் மசாலா, மிளகாய்த்தூள். மஞ்சள் பிளாஸ்டிக் பை, நடுவில் பொடி தெரிகிற மாதிரி ஒரு சதுரம், மேலே ஸ்டேப்ளர் அடித்த அட்டை. அச்சில் பெயர் கொஞ்சம் சாய்ந்திருக்கும். படிப்பை முடித்துவிட்டு வந்த மகன், "இதைக் கொண்டுபோய்ப் பேரங்காடியில் வைக்க முடியுமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் பளபளப்பில்லாத கறுப்புப் பை, தங்க எழுத்து, ஓரத்தில் மெல்லிய மிளகாய்க் கொடி என்று செய்து கொடுத்தேன். பார்த்த சக டிசைனர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மூன்றே மாதத்தில் விற்பனை படுத்துவிட்டது. ஏன் என்று கணக்கைப் பார்த்துத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் தேக்காவில் அவர் சரக்கு வைத்திருக்கும் கடையில் போய் நின்றேன். தள்ளுவண்டியோடு ஓர் அம்மா வந்தார். கை தானாக மஞ்சள் பை இருந்த தட்டுக்குப் போனது. கறுப்புப் பை தட்டுப்பட்டதும் நின்றது. எடுத்துத் திருப்பினார், விரலால் அமுக்கினார், மூக்கருகே கொண்டுபோனார். அது பல அடுக்குப் பை, வாசனை வெளியே வராது. வரக் கூடாது என்றுதான் நானே தேடிப்பிடித்த பை அது. திரும்ப வைத்துவிட்டு, "அந்த மஞ்சப் பை வரலையா தம்பி?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"அதுதாம்மா இது. பை மட்டும் மாத்திருக்காங்க."

"அப்ப விலை ஏத்திட்டாங்களா?"

விலையில் ஒரு காசுகூட ஏறவில்லை. ஆனால் கறுப்பும் தங்கமும் சேர்ந்து ஏறிவிட்டதாகச் சொல்லிவிட்டன. அந்த அம்மா பக்கத்துத் தட்டிலிருந்து வேறு பொடியை எடுத்துக்கொண்டு போனார். அதுவும் மஞ்சள் பை.

வாங்குகிறவர்கள் அண்ணனுடைய சரக்கை இரண்டு விஷயத்தால் அடையாளம் வைத்திருந்தார்கள். ஒன்று மஞ்சள் நிறம், இன்னொன்று பொடியின் நிறத்தைக் காட்டிய அந்தச் சதுரம். நான் இரண்டையும் எடுத்துவிட்டேன். பதிலுக்குப் புதிதாக ஏதாவது கொடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. உள்ளே இருந்தது அதே பொடி. பழைய ஆளுக்கு அடையாளம் தெரியவில்லை, புதிய ஆளுக்கு வாங்கக் காரணம் இல்லை.

அடுத்த முறை மேசையில் உட்காராமல் உட்லண்ட்ஸில் அவர் அரைக்கும் இடத்துக்குப் போனேன். கணினியில் இரண்டு மாதம் தட்டியும் கிடைக்காதது அங்கே அரை மணி நேரத்தில் கிடைத்தது. அண்ணன் வாரம் இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வறுக்கிறார். பழைய வாடிக்கையாளர்கள் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு முதலில் கேட்பது விலையை அல்ல, "எப்ப வறுத்தது?" என்பதைத்தான். இவ்வளவு பெரிய சங்கதி பையில் எங்குமே இல்லை! காலாவதித் தேதி மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

மஞ்சளுக்கே திரும்பினோம். சதுரத்தையும் கொண்டுவந்தோம். வெளிச்சம் பட்டால் மிளகாய்த்தூள் வெளிறும் என்பதால் முன்னைவிடச் சிறிதாக, பின்பக்கத்தில். முன்னால் பெரிய எழுத்தில் 'வறுத்த நாள்'. மூன்று பேர் இருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் அரைக் கிலோ சாம்பார்ப் பொடி தீர்வதற்குள் மணம் போய்விடும், அதனால் 100 கிராம் பையும் போட்டோம். சொல்வதற்கு எளிது. வறுத்த நாளை அச்சடிக்கத் துணிந்தால் பழைய சரக்கைக் கடையில் கிடக்க விட முடியாது. இரண்டு மாதம் தாண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வறுக்கும் முறை, வண்டி போகும் நாள், கடைக்காரரோடு பேச்சு எல்லாமே மாறியது. அண்ணனுக்கு அதுதான் புதுமை. என் பங்குக்கு அந்தச் சாய்ந்த எழுத்தை லேசாக நிமிர்த்தினேன். முதல் பைக்கு வாங்கியதில் பாதிக்கூலிதான் வாங்கினேன், அதையும் கூசிக்கொண்டே.

புதுமை என்றால் நம் ஆட்களுக்குச் செயலியும் ரோபோவும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ரேஸ் கோர்ஸ் சாலையில் போய் மீன் தலைக்கறி சாப்பிட்டிருப்பீர்கள். போருக்குப் பிறகு இங்கே உணவகம் நடத்திய கோமஸ் என்ற மலையாளிதான் அதை முதலில் செய்தவர் என்று பலரும் சொல்வார்கள். மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களைப் பார்த்து, அதைக் கேரளத்துக் குழம்பில் போட்டார். சிங்கப்பூரின் சொந்த உணவு என்று இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோமே, அதைத் தொடங்கிவைத்தவர். ஆனால் மீன் தலைக்கறி என்றதும் உங்கள் வாயில் வரும் பெயர் எது? 1969இல் தொடங்கிய முத்தூஸ் கறி, 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்பல்லோ. அதில் அவர்கள் தவறு எதுவுமில்லை. சமையல் முறையை யாரும் எளிதில் வேலி போட்டு வைத்துக்கொள்ள முடியாது. கறி ஊர்ச்சொத்தாகிவிட்டது, நல்ல கறியை வருடக்கணக்கில் ஒரே பெயரில் விடாமல் கொடுத்தவர்களிடம் பெயர் தங்கியது.

மின்னணுத் துறையிலும் கிட்டத்தட்ட இதே கதை. 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலும் 'பீப்' மட்டும் போட்ட கணினி பாட ஆரம்பித்தது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் இடம்பிடித்த முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுதான். கையடக்கப் பாட்டுப்பெட்டியிலும் ஆப்பிளை அவர்கள்தான் முந்தினார்கள். நோமட் ஜூக்பாக்ஸ் 2000இல் வந்தது, ஐபாட் 2001இல். பாட்டுகளை வரிசைப்படுத்தித் தேடும் முறைக்குக் கிரியேட்டிவ் காப்புரிமை வைத்திருந்ததால், 2006இல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. காப்புரிமை வேலை செய்தது, பணம் வந்தது. ஆனால் நோமட், மூவோ, ஸென் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை பெயர்! எதிரில் நின்றவரிடம் இருந்தது ஒரே பெயர். கடைக்குப் போன பையன் "எம்பி3 பிளேயர் குடுங்க" என்று கேட்கவில்லை, "ஐபாட் குடுங்க" என்றான். விளம்பரப் பணம், பாட்டு வாங்கும் கடை என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் என் தொழில் கண்ணுக்கு முதலில் உறுத்துவது இந்தப் பெயர்க் குழப்பம்.

கோடாலிக்குப் பங்காளியான புலி மார்க் தைலத்தைப் பாருங்கள். ஆவ் பூன் ஹாவ் ரங்கூனிலிருந்து 1926இல் தொழிலை இங்கே கொண்டுவந்தார். இன்றைக்கு ஒட்டும் பட்டை, கழுத்துக்குத் தடவும் களிம்பு, கொசுவிரட்டி வரை போடுகிறார்கள். உள்ளே எத்தனை புதுசு வந்தாலும் மேலே பாய்கிற புலி இடத்தைவிட்டு அசையவில்லை. மஞ்சள் பையை எடுத்தபோது எனக்கு உறைக்காதது இதுதான்.

சரி, பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது உங்களுடையதுதானா? "ஆக்ராவில் பதிஞ்சாச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. ஆக்ரா என்பது இங்கே நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பு. அதில் பதிவது நிறுவனம் நடத்துவதற்கு. சந்தையில் அந்தப் பெயரை வேறு யாரும் போடக் கூடாது என்று தடுக்கும் உரிமை அதில் வராது. அதற்குச் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில், நாங்கள் ஐபோஸ் என்போம், வர்த்தகச் சின்னமாகப் பதிய வேண்டும். பதிந்தால் 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். பொருள், சேவை எல்லாவற்றையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாவும் மாவும் 30, ஊறுகாய் 29, உணவகம் 43. உணவகத்துக்கு மட்டும் பதிந்துவிட்டு ஊறுகாய் விற்கப் போனால் கதவு பாதிதான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பதிந்ததைத் தொடர்ந்து 5 ஆண்டு பயன்படுத்தாமல் போட்டு வைத்திருந்தால், ரத்து செய்யும்படி இன்னொருவர் கேட்கலாம்.

இட்லி மாவு விற்ற தம்பதி ஒருவர் என்னிடம் அழாத குறையாக வந்தார்கள். தொழில் சூடுபிடித்த மூன்றாம் வருடம் வக்கீல் கடிதம் வந்துவிட்டது. அதே பெயரை வேறொருவர் முன்னதாகவே 30ஆம் வகுப்பில் பதிந்திருந்தார். அச்சடித்த டப்பாக்கள் வீடு முழுக்க. பழைய பெயர் மேல் ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஐபோஸ் இணையத்தளத்தில் யார் எதைப் பதிந்திருக்கிறார்கள் என்று காசில்லாமல் தேடலாம். பெயர்ப்பலகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது. முருகன், அன்னபூரணி, மீனாட்சி என்று வைக்கிறவர்கள் இரண்டு தடவை தேடுங்கள். சாமி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்த வரிசை ரொம்ப நீளம். 'சுவையான இட்லி மாவு' மாதிரி பொருளை விவரிப்பதையே பெயராக வைத்தால் பொதுவாகப் பதிய விடமாட்டார்கள். இட்லி மாவு விற்கும் எல்லாருக்கும் அந்தச் சொல் வேண்டுமே.

இன்னொன்று, என் வாயில் நானே மண் போட்டுக்கொள்வது. வெளியாளிடம் லோகோ வரைந்து வாங்கினால், காசு கொடுத்துவிட்டீர்கள் என்பதற்காகப் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. எழுத்தில் மாற்றித் தந்தால்தான் வரும். என்னைப் போன்றவர்களிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தர யோசித்தால் வேறு ஆளைப் பாருங்கள். தொழில்களுக்குக் கைகொடுக்கும் அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விண்ணப்பம் போடும் முன் என்னிடம் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் அந்தச் செலவுக்கு உதவி கிடைக்காது.

லேபிளால் எதையும் மறைத்துவிடலாம் என்று நினைத்த காலமும் போய்விட்டது. 2022 டிசம்பர் 30 முதல் பாட்டில், பொட்டலப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் வந்தது, சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து 'ஏ' முதல் 'டி' வரை போடும் தரக்குறி. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி'. அதை முன்பக்கம் போட்டே ஆக வேண்டும், விற்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் அந்தப் பானத்துக்கு விளம்பரமும் செய்யக் கூடாது. பாட்டிலில் இஞ்சித் தேநீர் போடும் ஒருவர், அந்த எழுத்து கண்ணில் படாத மாதிரி வரைந்து தரச் சொன்னார். முடியாது என்றேன், கோபித்துக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து அவரே வந்தார். சர்க்கரையைப் பாதிக்குமேல் குறைத்து, இஞ்சியைக் கூட்டி, 'பி' வாங்கியிருந்தார். பழையதைவிட இதுதான் காரமாக, நம் வீட்டுத் தேநீர் மாதிரி இருந்தது. அந்தக் காரத்தையே பெயரில் ஏற்றினோம்.

மசாலா அண்ணன் போன வாரம் மாடியேறி வந்தார். கையில் ஒரு டப்பா. உள்ளே நெல்லிக்காய் அளவு உருண்டைகள். வெந்நீரில் போட்டால் கரைந்து ரசமாகிறது, பெருங்காயம் தூக்கலாக. குடித்துப் பார்த்தேன், பிரமாதம். கட்டியாகப் பிடிக்கும் முறையை அவரே கண்டுபிடித்திருக்கிறார். காப்புரிமைக்குப் போவதோ தொழில் ரகசியமாகப் பூட்டி வைப்பதோ, எதுவானாலும் வெளியே விடுவதற்கு முன் முடிவெடுக்க வேண்டும்.

"அண்ணே, எப்படிச் செய்றீங்கன்னு யாருகிட்டயும் சொல்லலையே?"

"சேச்சே, யாருகிட்டம்மா சொல்வேன்?" என்றார். டப்பாவை மூடினார். கொஞ்சம் யோசித்தார். "பஃபலோ ரோட்டுல நம்ம கடைக்காரங்க ஒரு நாலு பேரு மட்டும் வந்து பார்த்துட்டுப் போனாங்க."