‘சுதந்திர நாட்டுப் பாடகர்’ யார்?

‘இண்டிபென்டன்ட் கன்ட்ரி சிங்கர்-சாங்ரைட்டர்’. அமெரிக்கப் பாடகர்களின் அறிமுகக் குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் தொடர். அவசரத்தில் தமிழாக்கினால் ‘சுதந்திர நாட்டுப் பாடகர்’ என்று வந்து நிற்கும், ஏதோ புதிதாக விடுதலை பெற்ற தேசத்தின் அரசவைப் பாடகர் மாதிரி. சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். இந்தச் சொற்கள் இசையின் தன்மையைச் சொல்வதாக நினைப்பதால்தான் மொழிபெயர்ப்பு சறுக்குகிறது. உண்மையில் மூன்றுமே சந்தையில் புழங்கும் சொற்கள். யாரிடம் விற்பது, யாருக்குக் காசு, யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளுக்கான விடைகள்.

கன்ட்ரியில் தொடங்குவோம். லத்தீனில் ‘கோன்ட்ரா’ என்றால் எதிரே. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் ‘கோன்ட்ராட்டா’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தேசம், நகரத்துக்கு வெளியே உள்ள பகுதி என்ற இரண்டு பொருளும் அதில் ஒட்டிக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், நம்முடைய ‘நாடு’ம் இதே கதைதான். புறநானூற்றின் 187ஆம் பாட்டில் ஔவையார் ‘நாடாகு ஒன்றோ காடாகு ஒன்றோ’ என்று தொடங்கும்போது, அங்கே நாடு என்பது தேசம் அல்ல. காட்டுக்கு மாறாக மனிதர்கள் பயிர்செய்து வாழும் நிலம். நாட்டுக்கோழியிலும் நாட்டு மருந்திலும் நாட்டுப்புறத்திலும் அந்தப் பழைய நாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘சரியான நாட்டுப்புறம்’ என்று ஒருவரைச் சொன்னால் அது பாராட்டு இல்லை என்பதும் நமக்குத் தெரியும்.

அந்த ஏளனமும் கன்ட்ரி இசையின் வரலாற்றில் உண்டு. 1920களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தெற்கு மாநிலங்களின் பாட்டுகளைப் பதிவுசெய்து விற்கத் தொடங்கின. கறுப்பினத்தவர் வாங்குவார்கள் என்று கணக்கிட்டு வெளியிட்டவற்றுக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று பெயர். வெள்ளையினக் கிராமத்தாருக்கு என்று ஒதுக்கியவை ‘ஹில்பில்லி’ ஆயின. மலைப்பக்கத்துப் பட்டிக்காட்டான் என்பது அதன் பொருள். இசையில் அவ்வளவு தெளிவான கோடு கிடையாது. கன்ட்ரியின் அடையாளமாகிவிட்ட பாஞ்சோ என்ற தந்திக் கருவியே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. கோடு போட்டது விற்பனைப் பட்டியல். 1927இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் நடத்திய ஒலிப்பதிவுகளில் கன்ட்ரியின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராஜர்ஸும் வெளிவந்தபோதும் ‘ஹில்பில்லி’ என்ற பெயர்தான். பாடியவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1949இல் அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டு தன் பாட்டுத் தரவரிசைக்கு ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று தலைப்பிட்டது. மரியாதையான பெயர் நிலைத்தது.

சரி, இதை ‘நாட்டுப்புற இசை’ என்று சொல்லிவிட்டால் என்ன? பொருள் பொருந்துகிறதே? பொருந்துகிறது, ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று இன்னார் எழுதியது என்று தெரியாமல் வாய்வழி வருவதைத்தான் நாம் நாட்டுப்புறப் பாடல் என்கிறோம். கன்ட்ரி பாட்டுக்கோ பெரும்பாலும் பெயர் போட்ட ஆசிரியர் உண்டு, பதிப்புரிமை உண்டு, பங்குத் தகராறுகூட உண்டு. ஜாஸை ஜாஸ் என்கிற மாதிரி கன்ட்ரியைக் கன்ட்ரி என்றே வைத்துக்கொள்வது நல்லது. இசைவகையின் பெயர் ஊர்ப்பெயர் மாதிரி. அதைப் பெயர்த்தால் வழி தவறும்.

அடுத்தது சாங்ரைட்டர். இங்கேதான் தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பாடலாசிரியர் என்றால் நம் காதில் விழுவது சினிமாவுக்கு வரிகள் எழுதுபவர். மெட்டு இசையமைப்பாளருடையது. கன்ட்ரி இசையின் தலைநகரான நேஷ்வில்லில் சாங்ரைட்டர் என்றால் மெட்டும் வரியும் சேர்ந்த முழுப் பாட்டை உருவாக்குபவர், தனியாகவோ இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தோ. அந்த ஊரில் 1982இல் திறந்த ப்ளூபேர்ட் கஃபேயில் சுமார் 90 பேர்தான் உட்கார முடியும். மேடையை விட்டுவிட்டு, அறையின் நடுவே நான்கு பாட்டாசிரியர்கள் வட்டமாக அமர்ந்து, முறை வைத்துத் தங்கள் பாட்டைத் தாங்களே பாடுவார்கள். ஊரே அறிந்த பாட்டை எழுதிய ஊரறியா முகங்களை அங்கே பார்க்கலாம்.

எழுதுவதையும் பாடுவதையும் இப்படிப் பிரித்துச் சொல்ல ஒரு காரணம் பணம். ஒரு பாட்டுக்கு இரண்டு சொத்துரிமைகள்: ஒன்று பாட்டுக்கு, இன்னொன்று அதன் ஒலிப்பதிவுக்கு. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவர் தரப்புக்குத்தான் பணம் போகும். பாடியவருக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. இசைத்தட்டு விற்றாலும் எழுதியவருக்கென்று சட்டம் நிர்ணயித்த தொகை உண்டு: விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட் என்று 2006 முதல் 2022 வரை அசையாமல் இருந்தது, 2023இல் 12 சென்ட் ஆனது. அற்பத் தொகைதான். ஆனால் தானே எழுதிப் பாடுபவருக்கு இரண்டு வாசலிலிருந்தும் வரும். ‘சிங்கர்-சாங்ரைட்டர்’ என்பதன் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோடு அவ்வளவு பெறும்.

இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: வாக்கேயகாரர். வாக்கு என்பது சொல், கேயம் என்பது பாடப்படுவது, இரண்டையும் படைப்பவர். தியாகராஜரும் முத்துசாமி தீட்சிதரும் அப்படிப்பட்டவர்கள். பாபநாசம் சிவன் (1890–1973) சினிமா வரைக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனார். ஆனால் கிட்டாரும் தொப்பியுமாக நிற்கும் டெக்சாஸ்காரரை வாக்கேயகாரர் என்றால் சபாவில் துண்டு போட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது பேச்சுவழக்கில் இருக்கும் ‘பாட்டுக் கட்டுதல்’. ‘நல்லா பாட்டுக் கட்டுவார்’ என்றால் வரியா மெட்டா என்று யாரும் கேட்பதில்லை, இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. சாங்ரைட்டர் செய்வதும் அதைத்தான்.

கடைசியாக இண்டிபென்டன்ட், செல்லமாக இண்டி. பெரிய இசை நிறுவனத்தைச் சாராமல், தன் ஒலிப்பதிவைத் தானோ ஒரு சிறு நிறுவனமோ வைத்திருப்பது. தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டிய ஜான் ப்ரைன், 1971இலிருந்து பெரிய நிறுவனங்களில் ஆல்பங்கள் வெளியிட்டுவிட்டு, 1981இல் நண்பர்களோடு ‘ஓ பாய் ரெக்கார்ட்ஸ்’ தொடங்கினார். 2018இல் அந்தச் சொந்த நிறுவனத்திலிருந்து வந்த ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் 5ஆம் இடம் பிடித்தது. முன்பு பெரிய நிறுவனங்களில் இருந்தபோது அவர் அவ்வளவு உயரம் போனதில்லை. 2015இல் டெக்சாஸ்காரர் ஆரன் வாட்சனின் ஆல்பம் கன்ட்ரி பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தபோது, பெரிய நிறுவனத் துணையில்லாத ஓர் ஆண் பாடகருக்கு அது முதல்முறை என்று பேசப்பட்டது.

தமிழில் இதற்குப் புழங்குவது ‘சுயாதீன இசை’. சுய, அதீன என்ற இரண்டு வடசொற்கள். தன் பிடியில் இருப்பது. பொருள் கச்சிதம். ‘சுயேச்சை’ என்றால் தேர்தல் சின்னம் நினைவுக்கு வருகிறது, கட்சி இல்லாமல் நிற்பவர் என்ற வகையில் அதுவும் தப்பில்லை. ‘தனியிசை’ எளிமையானது, ஆனால் தனியாகப் பாடுவது என்றும் கேட்கும். பெரிய சிக்கல் வேறு. சென்னையில் இண்டி என்றால் சினிமாவைச் சாராதது. பெரிய நிறுவனமே வெளியிட்டாலும் படத்தில் வராவிட்டால் இண்டிதான். நேஷ்வில்லில் அந்தப் பாட்டை இண்டி என்று சொல்ல மாட்டார்கள். அங்கே கேள்வி, ஒலிப்பதிவு யார் கையில் என்பது. எனவே அமெரிக்கரைப் பற்றி எழுதும்போது ‘சொந்த வெளியீடு’ என்று சொன்னால் குழப்பம் குறையும். வெளியிட்டது சிறு நிறுவனம் என்றால் அதன் பெயரைச் சொல்லிவிடலாம்.

மூன்றையும் ஒரே பெயர்ச்சொல்லாக இறுக்கிக் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. தமிழுக்கு வினைச்சொல் வசதி: ‘இன்னார் கன்ட்ரி பாடகர். பாட்டை அவரே கட்டுகிறார், அவரே வெளியிடுகிறார்.’