ஆயிரம் கோர் கேட்பதற்கு முன்

மீக்கணினி மையத்தில் ஆய்வாளர்களின் கணக்குகளை ஓட வைப்பது என் வேலை. "சார், ஆயிரம் கோர் வேண்டும்" என்று வருகிறவர்களிடம் (கோர் என்பது கணினிக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஓர் அலகு) நான் முதலில் கேட்பது, "எட்டு கோரில் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்றுதான். பலரும் முழிப்பார்கள்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிரலில் 5 சதவீத வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்றால், எத்தனை லட்சம் கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து வரும் கணக்கு இது. 2022இல் வந்த ஃப்ரான்டியர் என்ற அமெரிக்க மீக்கணினி நொடிக்கு 10இன் 18ஆம் அடுக்குக்கும் மேல் கணக்குப் போடுகிறது. அதற்கும் இதே விதிதான்.

வேகத்தை விடுங்கள், அது தெரிந்துவிடும் கோளாறு. விடை தப்பாக இருந்தால்தான் தெரியாது. விடையைக் காட்டும் வண்ணப்படம் அழகாக வந்துவிடும், பார்த்ததும் நம்பத் தோன்றும்.

ஒரு மாணவர் உலோகப் பாகம் ஒன்றில் எவ்வளவு தகைவு, அதாவது உள்ளே ஓர் அலகுப் பரப்பில் எவ்வளவு விசை, விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கணினி பாகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். அந்தக் கட்டங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை ஏறிக்கொண்டே போனது. இன்னும் பெரிய கணினி கிடைத்தால் சரியான எண்ணைப் பிடித்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. மாதிரியைத் திறந்து பார்த்தேன். உள்பக்க மூலை ஒன்றைக் கத்தி முனைபோலக் கூராக வரைந்திருந்தார். விசையை எடுத்ததும் பொருள் பழைய வடிவுக்குத் திரும்பும் என்று கொள்ளும் மீள்தன்மைக் கோட்பாட்டின்படி அந்த இடத்தில் தகைவுக்கு எல்லையே கிடையாது. எந்தக் கணினியும் அதைப் பிடிக்காது, மேலும் பெரிய தப்பான எண்ணைத்தான் தரும். நிஜப் பாகத்தில் அந்த மூலை வளைவானது. வளைவைச் சேர்த்ததும் மூன்றாவது ஓட்டத்திலேயே விடை நின்றுவிட்டது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1991இல் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் தண்ணீரில் இறக்கிப் பார்த்த சோதனையின்போதே கடலில் மூழ்கியது. கணினி மாதிரியில் முக்கியமான இடத்தில் கட்டங்கள் சரியாக அமையாததால் வெட்டுத் தகைவு (பொருளை நறுக்குவதுபோல் பக்கவாட்டில் தள்ளும் தகைவு) 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது, சுவர் தாங்கவில்லை. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில்.

ஆகவே ஒரே கணக்கைக் குறைந்தது மூன்று கட்ட அளவுகளில் ஓட்டுங்கள். முப்பரிமாணத்தில் கட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்கு. காலத்தோடு மாறும் கணக்கில் காலப்படியையும் (ஒரு கணத்துக்கும் கணக்குப் போடும் அடுத்த கணத்துக்கும் உள்ள இடைவெளியையும்) பாதியாக்க வேண்டியிருந்தால் வேலை 16 மடங்கு. செலவுதான். அதனால்தான் சிறியதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அப்புறம், ஏற்கெனவே கையால் விடை தெரிந்த எளிய கணக்கு ஒன்றையும் அதே நிரலில் போட்டுப் பாருங்கள். யாரும் செய்வதில்லை, அரை நாள்கூட ஆகாது.

இன்னொன்று. 64 கோரில் வந்த விடையும் 128 கோரில் வந்ததும் கடைசி இலக்கங்களில் மாறலாம். கணினி ஏறத்தாழ 16 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். கூட்டும் வரிசை மாறினால் கடைசியில் சிறிது பிசகும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாவது இலக்கமே மாறினால் என்னைக் கூப்பிடுங்கள்.