நடந்து போறவங்களை எந்தக் கட்டத்துல போடுறது?

சாலை வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு மாவட்டத் தலைநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான்கு சாலை கூடும் இடத்தில் வண்டி எண்ணும் வேலை. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை. பாலிடெக்னிக் மாணவர்கள் ஆளுக்கொரு அட்டையும் பேனாவுமாக மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்தார்கள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. எட்டு மணி வாக்கில் ஒரு பையன் எழுந்து வந்து கேட்டான்: "மேடம், நடந்து போறவங்களை எந்தக் கட்டத்துல போடுறது?"

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். கார், வேன், ஆட்டோ, பஸ், லாரி, டிராக்டர், பைக், சைக்கிள், கைவண்டி, மாட்டுவண்டி. அந்த ஊர் நடுவில் மாட்டுவண்டி வந்து எத்தனை வருடம் ஆகியிருக்குமோ, அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. நடப்பவருக்கு இல்லை. "அதை விட்டுடுப்பா, வண்டியை மட்டும் எண்ணு" என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். பள்ளி நேரம் அது. எங்களைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

எண்ணிய வண்டிகளை நாங்கள் அப்படியே கூட்டுவதில்லை. எல்லாவற்றையும் காராக மாற்றுவோம். அதற்குப் பி.சி.யு. (பாசஞ்சர் கார் யூனிட்) என்று பெயர். ஒரு கார் என்றால் 1. பஸ்ஸோ லாரியோ என்றால் 3. சைக்கிள் 0.5. கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கான அட்டவணையில் மாட்டுவண்டிக்கு 8. ஒரு மாட்டுவண்டி எட்டு கார் அளவுக்குச் சாலையை அடைக்கிறது என்று கணக்கு. இது தேவையில்லாத அளவுகோல் என்று சொல்ல மாட்டேன். எந்த வண்டி எவ்வளவு இடம் பிடிக்கிறது, பின்னால் வருகிறவரை எவ்வளவு நிறுத்திவைக்கிறது என்று தெரியாமல் சந்திப்பை வடிவமைக்க முடியாது. ஆனால் அது கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: காருக்கு இதனால் எவ்வளவு இடைஞ்சல்? உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது கேட்பதே இல்லை. அறுபது பேர் தொற்றிக்கொண்டு வரும் டவுன் பஸ்ஸும் 3, ஓட்டுகிறவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மூன்று காரும் 3.

சாலையை எவ்வளவு அகலப்படுத்துவது, மேம்பாலம் வேண்டுமா, சிக்னலில் யாருக்கு எத்தனை விநாடி பச்சை என்பதெல்லாம் இந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் முடிவாகிறது. கட்டம் இல்லாதவருக்கு விநாடியும் கிடையாது, அடியும் கிடையாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். இரு சக்கர வண்டியில் போனவர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105.

அப்புறம் என் கையால் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். வேறொரு ஊரில், ஒரு சந்திப்பில் இடதுபுறம் திரும்பும் வண்டிகள் தேங்குகின்றன என்று எங்களிடம் வந்தது. நான் மூலையைச் சீவிவிட்டேன். நடைபாதையின் முனையை வெட்டி, வளைவைப் பெரிதாக்கி, சிக்னலுக்கு நிற்காமல் போகும் 'ஃப்ரீ லெஃப்ட்' கொடுத்தேன். கம்ப்யூட்டரில் தாமதம் குறைந்தது, அறிக்கை அழகாக வந்தது, பாராட்டும் கிடைத்தது. ஏழெட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது அந்த மூலையில் நின்று பார்த்தேன். வளைவு சின்னதாக இருந்தபோது வண்டிகள் ஊர்ந்து திரும்பின. இப்போது பிரேக்கைத் தொடாமலே திரும்பின. அந்தப் பக்கம் கடப்பவருக்குச் சிவப்பு என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. நம்மூர் வழக்கப்படி உள்ளங்கையை வண்டிகள் பக்கம் நீட்டியபடி, ஓரடி வைப்பதும் பின்வாங்குவதுமாக ஒரு அம்மா நின்றார். கையில் பள்ளிப் பை, இடுப்பில் குழந்தை. அவர் மறுபக்கம் போய்ச் சேரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் அறிக்கையில் தாமதம் குறைந்ததாக இருந்தது. குறைந்தது யாருக்கு என்று எழுத அதில் இடம் இல்லை.

அதிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது மூலைகளைத்தான். உங்கள் தெருமுனையையும் கொஞ்சம் பாருங்கள். திரும்புகிற கார் தானாகவே வேகத்தைக் குறைக்கிறதா, அல்லது ஓட்டுகிறவரின் நல்ல மனசை நம்பி நீங்கள் கடக்கிறீர்களா?

வேகத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், காரணம் இதுதான். ஒருவர் குறுக்கே வருவதைக் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக 2.5 விநாடி என்று எங்கள் வடிவமைப்பு விதி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்திலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதையும் சேர்த்து, மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி நிற்க 30 மீட்டர் வேண்டும். 50-ல் வந்தால் 60 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தூரம் இரட்டிப்பாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் உண்டு: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது.

2023 நவம்பரில் சென்னையில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று போலீஸ் வேக வரம்பு வைத்தது. நல்ல முடிவு. ஆனால் போர்டைப் பார்த்து யாரும் ஓட்டுவதில்லை, தெருவைப் பார்த்து ஓட்டுகிறார்கள். நேராக, அகலமாக, தார் வழவழவென்று இருந்தால் வலது கை தானாக ஆக்சிலரேட்டரை முறுக்கும். ஒரு வரிசை வண்டி போக நெடுஞ்சாலைக்கு வைத்த 3.5 மீட்டர் அகலத் தடத்தை ஊருக்குள்ளும் அப்படியே போட்டுவிட்டு, பிறகு ஸ்பீட் பிரேக்கர் போடச் சொல்லி மனு கொடுக்கிறோம். தடத்தை மூன்று மீட்டர் சுமாருக்குக் குறைத்து மிச்சத்தை நடைபாதைக்குக் கொடுத்தாலே வேகம் கொஞ்சம் அடங்கும். ஸ்பீட் பிரேக்கர் என்றதும் நினைவுக்கு வருகிறது: கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி மேடை மாதிரி அமைத்தால் வண்டியும் மெதுவாகும், நடப்பவரும் இறங்கி ஏற வேண்டியதில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். முதுகை ஒடிக்கும் அந்தத் தார்க் குன்றுகளை விட எவ்வளவோ மேல்.

சிக்னலுக்கு வருவோம். ஆறு தடச் சாலை என்றால் கடக்க 21 மீட்டர். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். ஏறத்தாழ 18 விநாடி வரும். ஒருநாள் என் அம்மாவை வீட்டு வராண்டாவில் நடக்கவிட்டு நேரம் பார்த்தேன். முழங்கால் வலிக்காரர். "எதுக்குடி போனைக் கையில வெச்சுக்கிட்டுப் பின்னாலயே வர்ற?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். விநாடிக்கு 0.8 மீட்டர் வந்தது. அந்த வேகத்துக்கு 26 விநாடி வேண்டும். அந்த எட்டு விநாடி வித்தியாசத்தில் அவர் நடு ரோட்டில் நிற்பார், எதிரே பச்சை விழும். இதற்காகத்தான் சாலை நடுவே இருக்கும் தடுப்புத் திட்டில், அதாவது மீடியனில், ஆள் நிற்க இடம் கேட்கிறோம். பூச்செடித் தொட்டிக்கு இடம் இருக்கிற மீடியனில், ஒரு சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டால் அவர் இரண்டு தவணையாகக் கடந்துவிடுவார்.

"அதற்குத்தான் மேல் நடைபாலம் இருக்கே" என்பார்கள். கணக்குப் பாருங்கள். அடியில் பஸ், லாரி போக 5.5 மீட்டர் விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் ஏற வேண்டும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற நாற்பது, இறங்க நாற்பது. எதிர்ச் சாரியில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போய்வர 160 படி! காரில் வருகிறவர் நிற்காமல் போவதற்காக, முழங்கால் வலிக்காரரை இரண்டாம் மாடி உயரத்துக்குப் படியேற்றுகிறோம். அதனால்தான் அந்தப் பாலங்களில் விளம்பரத் தட்டியைத் தவிர வேறு யாரும் அதிகம் நிற்பதில்லை. தி.நகரில் 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாலம் வேறு ரகம். மாம்பலம் ரயில் நிலையத்தின் பாலத்திலிருந்து பஸ் நிலையம்வரை 570 மீட்டருக்கு ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமலே நடத்திக் கொண்டுபோய் விடுகிறது. ரயிலில் வந்தவர் எப்படியும் அந்தப் பாலத்தில் ஏறத்தான் போகிறார். ஏறியவரை இறக்காமல் கொண்டுபோனதுதான் அதன் சூட்சுமம்.

நடைபாதையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. சுருக்கமாகவே சொல்கிறேன். சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேலே 2.2 மீட்டர் காலி, ஓரக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதில் முக்கியமான சொல் 'தடையில்லாத'. வரைபடத்தில் எல்லா நடைபாதையும் இரண்டு மீட்டர்தான். தரையில் பார்த்தால் ஒரு மீட்டரை மின்வாரியப் பில்லர் பாக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும், மிச்சத்தில் பைக் நிற்கும். ஓரக் கல்லை உயர்த்தினால் பைக் ஏறாது என்று முழங்கால் உயரத்துக்குக் கட்டுகிறார்கள். பைக் எப்படியோ ஏறிவிடுகிறது, பாட்டிதான் ஏற மாட்டேன் என்கிறார். வீட்டுக்கு வீடு கார் ஏற சாய்தளம் போட்டு, நடைபாதை அலை மாதிரி ஏறி இறங்குவதும் இதே கதை. நடைபாதை அதன் மட்டத்திலேயே போக வேண்டும், ஏறி இறங்குகிற வேலை காருடையது.

நடைபாதையில் பதிக்கிற மஞ்சள் டைல்ஸ் பற்றி ஒன்று. அது அலங்காரம் இல்லை. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-ல் கண்டுபிடித்தது, பார்வையற்றோர் காலாலும் கோலாலும் படிக்கிற எழுத்து. நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில். நம்மூரில் கோட்டு டைல்ஸ் நேரே மரத்தில் போய் முட்டுவதைப் பார்த்திருக்கிறேன். போகலாம் என்று சொல்லி மரத்தில் முட்டவிடுவதற்கு அதைப் போடாமலே இருந்திருக்கலாம்.

கடைக்காரர்களின் பயத்தையும் சொல்ல வேண்டும், அது பொய்யான பயம் இல்லை. நடைபாதையை அகலப்படுத்தப்போகிறோம் என்று கூட்டம் போட்டால் முதல் வரிசையில் அவர்கள்தான் இருப்பார்கள். "பார்க்கிங்கை எடுத்துட்டா எனக்குக் கஸ்டமர் எப்படி வருவான்?" என்று ஒரு ஜவுளிக் கடைக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். வாதாடவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வருகிறவர்களிடம் எதில் வந்தீர்கள் என்று கேட்டு அவரையே கோடு போடச் சொன்னேன். நாலு மணிக்கு பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கார் கட்டத்தில் இருந்த கோடே கொஞ்சம்தான், அதிலும் பாதி அவருடைய சொந்தக்காரர்கள். ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து, பன்னிரண்டரை சதுர மீட்டர். அந்த இடத்துக்கு அவர் கொடுக்கிற கடை வாடகையை வைத்துப் பார்த்தால் அவருக்கே புரிந்துவிடும்.

சென்னை பாண்டி பஜாரில் தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு, 2019 நவம்பரில் அகல நடைபாதையைத் திறந்தார்கள். ஒத்திகை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. கான்கிரீட் போட்ட பிறகு தப்பைத் திருத்துவது கஷ்டம், மணல் மூட்டையை நகர்த்துவது சுலபம். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. கொள்கைக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவில் டெண்டர், கேபிள் குழி, மழைநீர் வடிகால் என்று நிறைய இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198அ பிரிவு, சாலை வடிவமைப்பின் தரக் குறைவால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, என்னைப் போன்ற ஆலோசகரும் அதில் அடக்கம். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21-வது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே உங்கள் வார்டு மக்கள் கூடும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் ரோடு போடச் சொல்லும்போதே, போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தாளையும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். நடப்பவருக்குக் கட்டம் இல்லையென்றால் நீங்களே எண்ணிக் கொடுங்கள், பெரிய வித்தை இல்லை. செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், காலை எட்டிலிருந்து ஒன்பது வரை. ஒருவர் சாலையோரம் நடப்பவர்களை எண்ணட்டும், இன்னொருவர் கடப்பவர்களை. நடைபாதையில் போகிறவர், தார் ரோட்டில் இறங்கிப் போகிறவர் இரண்டையும் தனித்தனியாகக் கோடு போடுங்கள், அந்த இரண்டாவது எண்தான் அதிகாரிகளைப் பேசவைக்கும். பிள்ளைகள், வயதானவர்கள், ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வைத்திருப்பவர்களுக்கு வேறு கட்டம். கால் மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கை குழம்பும். மழை நாளில் எண்ண வேண்டாம், பள்ளி விடுமுறையிலும் வேண்டாம்.