ஸ்டுடியோ ஆல்பம்: தொகுப்பு அல்ல, கோவை

‘பின்லாந்தின் கன உலோக இசைக்குழுவான அமோர்ஃபிஸின் ஒன்பதாவது கலையகத் தொகுப்பு.’ இணையத் தமிழில் இசை பற்றி எழுதுவோர் பலரும் இந்த மாதிரிதான் எழுதுகிறார்கள். கன உலோகம் என்றால் ஈயமும் காட்மியமும். ஆற்றில் கலந்தால் மீன் சாகும். ஹெவி மெட்டல் ஓர் இசைவகையின் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம். என் சண்டை ஆல்பத்தைத் ‘தொகுப்பு’ என்பதோடுதான்.

ஆல்பம் லத்தீன் சொல். ‘ஆல்புஸ்’ என்றால் வெள்ளை. ரோமில் அறிவிப்பு எழுதும் வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். பிறகு வெற்றுத்தாள் ஏட்டுக்கு வந்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல ஓடிய பழைய இசைத்தட்டுகளை ஏடு போலக் கட்டி விற்றபோது இசைக்குள் நுழைந்தது. 1948இல் நெடுந்தட்டு (எல்.பி.) வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

தொகுப்பது என்றால் ஏற்கெனவே இருப்பதைத் திரட்டுவது. குறுந்தொகையில் 200க்கு மேற்பட்ட புலவர்கள் பாடினார்கள், பூரிக்கோ தொகுத்தார். பாடியவர் வேறு, தொகுத்தவர் வேறு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் தனிப்பாட்டுகளைத் திரட்டிய தொகைநிலை வேறு, பாட்டுகள் ஒன்றையொன்று தொடரும் தொடர்நிலை வேறு என்று பிரித்தே வைத்திருக்கிறது. இவ்வளவு துல்லியமான மரபு கையில் இருக்க, எல்லாவற்றுக்கும் ‘தொகுப்பு’ என்று ஒரே முத்திரை குத்துவது சோம்பல்.

அமோர்ஃபிஸையே பாருங்கள். 2009இல் வந்த ‘ஸ்கைஃபோர்ஜர்’ பின்லாந்தின் கலேவலாக் காப்பியத்தில் வரும் கொல்லன் இல்மரினனைப் பற்றியது. வானக் கவிகையை அடித்து உருவாக்கியவன், சம்போ என்னும் அதிசய ஆலையைச் செய்தவன், மனைவி இறந்தபின் உலோகத்திலேயே ஒரு பெண்ணை வார்த்துப் பார்த்தவன். பெக்கா கைனுலைனென் எழுதிய வரிகளுக்கு இசையமைத்த பத்துப் பாட்டுகள், முதல் பாட்டின் பெயரே ‘சம்போ’. மறு ஆண்டே ‘மேஜிக் அண்டு மேஹெம்’ வந்தது. அதில் இருப்பவை தங்கள் பழைய பாட்டுகளை அவர்களே மீண்டும் பாடிப் பதிந்தவை. முன்னதையும் ‘தொகுப்பு’, பின்னதையும் ‘தொகுப்பு’ என்றால், எது புதுப் படைப்பு என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நான் சொல்லும் சொல் பாட்டுக்கோவை. கோவை என்பது காதல் கதையை வரிசையாகக் கோத்துச் சொல்லும் பழைய இலக்கிய வகை. அதில் ஒன்றான திருக்கோவையார் 400 பாட்டு. எந்த ஒன்றையும் தனியே எடுத்துச் சுவைக்கலாம். ஆனால் காதலர் முதலில் கூடும் இயற்கைப் புணர்ச்சியில் தொடங்கி, தலைவன் பரத்தையை நாடிப் போகும் பரத்தையிற் பிரிவு வரை வரிசையாகப் படித்தால் ஒரு வாழ்க்கை ஓடுகிறது. ஆல்பத்தின் இலக்கணமும் அதுவே. ‘இசைக்கோவை’ என்று சிலர் எழுதுவது பரவாயில்லை, ஆனால் இசைக்கோர்ப்பு என்று வாத்திய ஒழுங்கைச் சொல்லும் வழக்கு திரையுலகில் இருப்பதால் குழப்பும். ‘இசைத்தட்டு’ பொருளின் பெயர், படைப்பின் பெயர் அல்ல.

‘ஸ்டுடியோ’வை மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? நம் ஊரில் ஸ்டுடியோ ஆல்பம் என்றால் கல்யாணப் படங்கள்தான் நினைவுக்கு வரும். ‘கலையகம்’ என்றால் தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கும் அறை. ஆங்கிலத்தில் அந்த அடைமொழி இடத்தைச் சொல்ல வரவில்லை. மேடையில் பதிந்ததும் பழையதைத் திரட்டியதும் அல்ல என்று விலக்கத்தான் வருகிறது. தமிழில் அந்த இரண்டுக்கும் மேடைப்பதிவு, திரட்டு என்று பெயர் கொடுத்துவிட்டால் வெறும் ‘பாட்டுக்கோவை’ போதும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘இல்மாரினேன்’, ‘சாம்ப்போ’ என்று கைக்கு வந்தபடி எழுதுகிறார்கள். கலேவலா முழுவதையும் உதயணன் என்ற புனைபெயர் கொண்ட இரா. சிவலிங்கம் 1994இலேயே தமிழ்ச் செய்யுளாகத் தந்துவிட்டார். தமிழ் நூல்களின் மின்பதிப்புத் தளமான மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடக்கிறது. பெயர்களை அதிலிருந்து எடுத்தாளுங்கள்.