இன்குயரியில் கையெழுத்துப் போட்டதோடு வழக்கு முடிந்துவிடாது

“விசாரணையிலேயே எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார் சார், இனி என்ன இருக்கிறது?” பாரிமுனையில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் ராணுவக் குடும்பங்கள் இதையே சொல்கின்றன. போன வாரம் வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவரின் மனைவியும் இதைத்தான் சொன்னார். கேட்டுக் கேட்டு மனம் நொந்து எழுதுகிறேன்.

அவர்கள் சொல்லும் விசாரணை, அதாவது கோர்ட் ஆஃப் இன்குயரி, குற்ற வழக்கு அல்ல. நடந்தது என்ன என்று படைப்பிரிவு தெரிந்துகொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான். அங்கே சொன்னதை, குற்றத்தை ஒப்புக்கொண்டதைக்கூட, கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்றத்தில், உங்களுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 182ஆவது விதி அதைத் தடுக்கிறது. அந்த விசாரணையில் வேண்டுமென்றே பொய் சொன்னதற்காகவே வழக்கு நடந்தால் மட்டும் விலக்கு. ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அந்தப் பதிவை இரு தரப்பும் பயன்படுத்தலாம். ஆகவே வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுக்காதீர்கள்.

‘ராணுவத்தில் சாட்சியச் சட்டம் ஏது?’ என்பவர்களுக்கு: சாட்சியச் சட்டம் கோர்ட் மார்ஷலுக்கும் பொருந்தும் என்று 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 133ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் முதல் பிரிவிலேயே கோர்ட் மார்ஷலைக் குறிப்பிடுகிறது. அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசைகாட்டியோ வாங்கிய வாக்குமூலம் அங்கும் செல்லாது.

அந்த ஹவில்தாரின் மேல் டீசல் திருட்டுக் குற்றச்சாட்டு. படைப்பிரிவின் கமாண்டிங் ஆஃபீஸரே நடத்தும் சம்மரி கோர்ட் மார்ஷலில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவு, வேலை போய்விட்டது. வழக்குக்கு முன்பே சாட்சிகள் சொன்னதை எழுதிவைக்கும் சம்மரி ஆஃப் எவிடன்ஸைப் புரட்டினால், அன்று அவர் விடுப்பில் இருந்ததாக ஸ்டோர் பொறுப்பாளரே சொல்லியிருக்கிறார்! இப்படி இருந்தால், ஒப்புதலைத் திரும்பப் பெறும்படி நீதிமன்றமே அறிவுறுத்த வேண்டும். 115ஆவது விதி அதற்குத்தான். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேளுங்கள். சம்மரி ஆஃப் எவிடன்ஸ் பதிவாகும்போதே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ‘எதற்கு வம்பு’ என்று வாயை மூடி நிற்காதீர்கள். சம்மரி கோர்ட் மார்ஷலில் வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆனால் அருகில் இருந்து ஆலோசனை சொல்லலாம். ‘ஒப்புக்கொண்டால் லேசாக விட்டுவிடுவார்கள்’ என்ற பேச்சை நம்பித் தலையாட்டாதீர்கள்.

தண்டனை வந்துவிட்டால், வழக்குப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு டெல்லி போக வேண்டியதில்லை. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மாதங்களைக் கரைக்காதீர்கள், தம்பிகளே. முதல் நாளே மனைவியிடம் சொல்லுங்கள்.