தனிநபர் மசோதா: யார் அந்தத் தனிநபர்?

நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் சொல் இது. ‘மாநிலங்களவையில் தனிநபர் மசோதா தாக்கல்’ என்று படிக்கிறவருக்கு இரண்டு ஐயங்கள் வரலாம். யாரோ ஓர் ஆளுக்காகக் கொண்டுவரப்படும் சட்டமா? இல்லை, அந்த எம்.பி. கட்சியைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்குச் செய்கிற வேலையா? இரண்டுமே இல்லை. அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினர் கொண்டுவந்தாலும் அது தனிநபர் மசோதாதான். ஆளுங்கட்சியின் பின்வரிசையில் இருப்பவர் கொண்டுவந்தாலும் அதே பெயர்தான். எனவே ‘எதிர்க்கட்சி மசோதா’ என்று புரிந்துகொள்வதும் தவறு.

குழப்பத்தின் வேர் ‘பிரைவேட் மெம்பர்ஸ் பில்’ என்ற ஆங்கிலத் தொடரில் இருக்கிறது. பிரைவேட் என்றதும் நமக்குத் தனியார் பேருந்தும் தனியார் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் மூலமான லத்தீன் சொல் ‘பிரிவாத்துஸ்’, பழைய ரோமில் அரசுப் பதவி எதுவும் வகிக்காத குடிமகனைக் குறித்தது. ராணுவத்தில் அடிமட்டச் சிப்பாயை ஆங்கிலத்தில் ‘பிரைவேட்’ என்பதும் இந்தப் பொருளை ஒட்டித்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசுப் பொறுப்பில் இல்லாத உறுப்பினருக்கு இந்த அடைமொழி வந்தது, அங்கிருந்து நமக்கும் வந்தது. ஆக, ‘பிரைவேட்’ ஒட்டிக்கொண்டிருப்பது உறுப்பினரோடு, மசோதாவோடு அல்ல. மாநிலங்களவை விதி ஒன்றைப் பார்த்தால் இது தெளிவாகும்: மசோதா நிலுவையில் இருக்கும்போது அதைக் கொண்டுவந்தவர் அமைச்சராகிவிட்டால், மசோதா பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அவர் இனி பதவியில்லாத உறுப்பினர் இல்லையே.

பிரிட்டனில் ‘பிரைவேட் பில்’ என்று வேறொன்றும் உண்டு. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ தனி மனிதருக்கோ மட்டும் பொருந்தும் சட்டத்துக்கான மசோதா அது. நியாயமாகப் பார்த்தால் ‘தனிநபர் மசோதா’ என்ற தமிழ்ச் சொல் அதற்குத்தான் நன்றாகப் பொருந்தும்!

‘மசோதா’வின் கதை இன்னும் சுவையானது. அரபியில் கறுப்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த ‘முசவ்வதா’ என்ற சொல், மையால் கறுத்த தாளை, அதாவது முதல் கைப்பிரதியைக் குறித்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய நல்ல பிரதிக்கு, வெண்மையைக் குறிக்கும் வேரிலிருந்து ‘முபய்யதா’ என்று இன்னொரு சொல்லும் அங்கே உண்டு. கறுத்தது வரைவு, வெளுத்தது இறுதிப் பிரதி. முதல் சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. இந்தியில் ‘மசௌதா’ இன்று வரைவு என்ற பழைய பொருளோடு நின்றுவிட்டது, நாடாளுமன்றத்தில் வைக்கப்படுவதற்கு அங்கே ‘விதேயக்’ என்ற வடசொல் வந்துவிட்டது. நாமோ மசோதாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, இந்த மசோதாக்களால் என்ன நடக்கிறது? வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் இவற்றுக்கும் தனி உறுப்பினர் தீர்மானங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. ஊருக்குக் கிளம்பும் நேரம் என்பதால் அவையில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். முன்னறிவிப்பு கொடுத்து அறிமுகம் செய்வது எளிது. விவாதத்துக்கு முறை வருவது குதிரைக் கொம்பு. அப்படியே வந்தாலும், ‘அரசு இதைக் கவனிக்கும்’ என்று அமைச்சர் உறுதி சொல்வார், உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். வரி, அரசுச் செலவு போன்றவை பற்றிய பண மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகம் செய்யவே முடியாது என்பதால், மேலவை உறுப்பினருக்கு வாசல் இன்னும் கொஞ்சம் குறுகல். நாடு விடுதலை பெற்றபின் சட்டமாகிய தனி உறுப்பினர் மசோதாக்கள் 14தான். அவற்றில் 5 மாநிலங்களவையில் தொடங்கியவை. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல்.

அதற்காக வீண்வேலை என்று தள்ளிவிட முடியாது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் தமிழர் அல்லர், வங்காளத்துப் பொதுவுடைமைத் தலைவர் பூபேஷ் குப்தா. 1963இல் நடந்த அந்த விவாதத்தில் அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேட்கப்பட்டபோது, கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸ் ராஜ்ய சபா ஆனதிலும் பிரசிடெண்ட் ராஷ்டிரபதி ஆனதிலும் நீங்கள் கண்ட லாபம் என்ன என்று திருப்பிக் கேட்டார். அந்த ராஜ்ய சபா என்ற பெயரே 1954இல்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. மசோதா வாக்கெடுப்பில் தோற்றது. 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

அண்மைக்கால உதாரணம் தி.மு.க.வைச் சேர்ந்த திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்கான மசோதா. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. பிறகு அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அரசின் சட்டம் சிவாவின் மசோதாவைவிட மெலிந்தது என்று அந்தச் சமூகத்தினரே குறை கூறினார்கள். என்றாலும், பொருளை அவையின் மேசைக்குக் கொண்டுவந்தது தனி உறுப்பினர் ஒருவர்தான்.

அப்புறம், நல்ல தமிழ்ச் சொல் எது? மசோதாவுக்குத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ‘சட்டமுன்வடிவு’ என்பது நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழில் ‘சட்டமூலம்’. பிரைவேட் மெம்பருக்கு இந்தியில் ‘கைர்-சர்க்காரி சதஸ்ய’, அதாவது அரசு சாராத உறுப்பினர் என்று வழங்குகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் தமிழில் ‘அரசு சாரா’ என்றதும் தொண்டு நிறுவனம் நினைவுக்கு வந்துவிடும். ‘அமைச்சரல்லாத உறுப்பினர்’ என்பது மிகத் துல்லியம், முதல்முறை விளக்கும்போது இதைச் சொல்லிவிடலாம். அதன்பின் ‘தனி உறுப்பினர் சட்டமுன்வடிவு’ என்றே எழுதலாம். மசோதா பழகிவிட்டது என்பவர்கள் ‘தனி உறுப்பினர் மசோதா’ என்று எழுதட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ‘நபர்’ போய் ‘உறுப்பினர்’ வந்தால் போதும். தலைப்பில் இடம் பற்றாது என்று செய்தியாசிரியர்கள் சொன்னால், கூடுவது மூன்றே எழுத்து.